மணலுக்கு ஏத்த ஸ்பிரிங்

வண்டியை நாலு இஞ்ச் தூக்கணுமா? தூக்கிடலாம். கூடவே ஒரு ஏணியும் வாங்கி வச்சுக்குங்க, ஏறி உக்கார வசதியா இருக்கும். கிண்டல் எல்லாம் இல்ல சார். அந்த டயர் மேல உக்காருங்க, கறை படாது.

வீடியோல சொன்னாங்களா? அப்ப சரி. இருபது வருஷமா வண்டிக்கு அடியிலயே படுத்துக் கெடக்குற எனக்கு என்ன தெரியப் போகுது.

பாலைவன மணல்ல ஓட்ட ரெண்டு இஞ்ச் போதும் சார். அதுக்கு மேல போனா, மணல் மேட்டுல சாய்வாப் போறப்ப வண்டி அப்படியே கவுந்துடும். நீங்க கேக்குற கனத்த ஸ்பிரிங் அரை டன் சாமான் ஏத்துறவங்களுக்கு. வீட்டு ஆளுங்க மட்டும் போனா பந்து மாதிரி எகிறும். பெரிய ஷாக் அப்சார்பரா மாத்துங்க, அது முக்கியம். சின்னது பத்து மேடு தாண்டுறதுக்குள்ள சூடாயிடும். அப்புறம் அது இருந்தும் ஒண்ணு, இல்லாட்டியும் ஒண்ணு.

கம்பீரமா இருக்காதா? பக்கத்து வீட்டுக்காரர் பாக்கத்தானே போடுறோம், மறந்துட்டேன்.

இப்படித்தான் ஒருத்தன் இருந்தான். நம்ம தொழில்தான், பெரிய வித்தகன். தன் வண்டிக்குத் தானே இரும்புலக்கை மாதிரி ஸ்பிரிங்கைப் போட்டுக்கிட்டு, பொண்டாட்டியையும் அஞ்சு வயசுப் பொண்ணையும் மணலுக்குக் கூட்டிட்டுப் போனான். மெதுவாப் போங்கன்னு அவ சொல்லச் சொல்ல ஐயாவுக்கு உற்சாகம் தாங்கல. ஒரு மேட்டு உச்சியில நாலு சக்கரமும் தரையை விட்டுருச்சு. விழுந்த வேகத்துல பிள்ளை முன் சீட்டுல மோதி, தாடை கிழிஞ்சு ரத்தம். மூணு தையல். டாக்டர்கிட்ட ஐயா சொன்ன விளக்கம் என்ன தெரியுமா? ஸ்பிரிங் புதுசு, இன்னும் பழகலையாம்.

அவ சண்டை எதுவும் போடல. அடுத்த வாரம் பிள்ளையைக் கூட்டிட்டு அம்மா வீட்டுக்குப் போனவதான். ஏழு வருஷம் ஆச்சு.

சேத்து வைக்கவா? உடைஞ்ச ஆக்ஸிலா சார், வெல்டிங் வைக்க? அவளுக்கு வேற கல்யாணம் ஆயிடுச்சு. மாப்பிள்ளை தங்கமான மனுஷன்தான், பாத்தாலே தெரியுது.

ஆமா சார், உங்களைத்தான் சொல்றேன். காலையில வண்டியை விட வந்தப்ப, உங்க வீட்டுக்காரம்மா கடை கேட் வரைக்கும் வந்துட்டு என்னைப் பாத்ததும் திரும்பிட்டாங்கள்ல. அவங்களுக்கு இது என் கடைன்னு முன்னாடி தெரிஞ்சிருக்காது. நீங்க அவங்ககிட்ட ஒண்ணும் கேக்க வேணாம்.

ஏன் எந்திரிச்சுட்டீங்க? உக்காருங்க. மெத்துன்னு இருக்குற ஸ்பிரிங்காவே போட்டுத் தர்றேன். மணல்ல எறங்குறதுக்கு முன்னாடி டயர்ல காத்தைப் பதினஞ்சு பாயிண்டுக்குக் கொறச்சிடுங்க. பின் சீட்டுல பிள்ளை பெல்ட் போட்டிருக்காளான்னு நீங்களே திரும்பிப் பாருங்க, கேட்டா போட்டாச்சும்பா. எறக்கத்துல வயித்தைப் புரட்டும் அவளுக்கு, அதையும் வாயைத் திறந்து சொல்ல மாட்டா.

என் பொண்ணுக்கு இப்ப பன்னெண்டு முடிஞ்சிருக்கும்ல சார்?