பெயருக்குப் பக்கத்தில் தொழில்

பெயர்: டோப்ரிலா. வயது: 53. கணவர்: ரத்திவோயே (காலமானார்). படிப்பு: நான்காம் வகுப்பு. தொழில்: புத்தகம் தைத்தல். முகவரி: ஆற்றுத் தெரு 14, கமெனி புரோத். வாக்குமூலம் பதிவான நாள்: ஏப்ரல் 12.

நான் மேற்படி முகவரியில் தனியாக வசிக்கிறேன். எங்கள் ஊரில் வூகொஸ்லாவ் என்பவர் நடத்தும் கவிதைப் பதிப்பகத்தில் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். பதிப்பகம் என்பது அவருடைய கார் நிறுத்தும் கொட்டகைதான். தாள்கள் நகரத்தில் அச்சாகி வரும். மடிப்பதும் தைப்பதும் அட்டை ஒட்டுவதும் என் வேலை. அதற்கு முன் வீடு வீடாகப் போய் முன்பணம் வாங்குவதும் என் வேலை, ஏனென்றால் வூகொஸ்லாவுக்குக் கேட்க வாய் வராது, எனக்கு மூட வராது.

சென்ற நவம்பரில் யெலிசாவாவின் கவிதைகளைப் புத்தகமாக்க முடிவானது. அவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள், வயது இருபத்தொன்பது. மாவட்டக் கலாசார அலுவலகத்தில் உதவித்தொகை கேட்டு மனுக் கொடுத்தோம். பக்கத்துச் செம்புச் சுரங்கத்தில் நடந்த விபத்தைப் பற்றிய நீளமான கவிதையை எடுத்துவிட்டால் யோசிக்கலாம் என்று தொலைபேசியில் சொன்னார்கள், எழுத்தில் தரவில்லை. வூகொஸ்லாவ் மறுத்துவிட்டார். அதன் பிறகு வழக்கம்போல் முன்பணம் திரட்டினோம்.

முன்பணம் கொடுத்தவர்களின் பெயர், தொழில், ஊர் மூன்றையும் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் அச்சிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். பாதிப் பேர் கவிதைக்காகக் கொடுப்பதில்லை, அந்த ஒரு வரிக்காகத்தான் கொடுக்கிறார்கள். கவிதை எழுதியவருக்கு இந்தப் பட்டியலை முன்கூட்டிக் காட்டமாட்டோம். வாசிப்புக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் முதல் பிரதியைத் திறந்துதான் தனக்காகக் கை கொடுத்தவர்கள் யார் யார் என்று அவர் பார்க்க வேண்டும். அது நாங்கள் தரும் பரிசு.

டிசம்பர் 19 அன்று செர்னி வ்ர் கிராமத்தில் மில்கோ வீட்டுக்குப் போனேன். அன்று அவர்கள் குடும்பப் புனிதரின் திருநாள், அழைக்காமலே யாரும் போகலாம். மில்கோ சுரங்க வாசலில் காவலர். மேசையில் பத்துப் பேர் இருந்தார்கள். நான் நோட்டை எடுத்ததும் அவர், "எனக்கு எதுக்குக்கா கவிதை?" என்றார். "உன் பேரு இதுவரைக்கும் கரண்டு பில்லுல மட்டுந்தான் அச்சாயிருக்கு, ஒரு தடவ புத்தகத்துல வரட்டுமே" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் மனைவி ஸ்டாமெனாவும் கொடுக்கச் சொன்னாள். அவர் பணத்தைக் கொடுத்துவிட்டு, "பேரு மட்டும் போதும்க்கா, வேலையெல்லாம் போடாத" என்றார். அவர் வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். "வாசல் காக்குறது என்னடா அவமானம்? அச்சுல பாத்தா மந்திரி உத்தியோகம் மாதிரி இருக்கும்" என்று சொல்லி, அவர் கண் முன்னாலேயே 'சுரங்க வாயிற்காவலர்' என்று எழுதினேன். அவர் எனக்கு இன்னொரு துண்டு மீன் வறுவல் வைத்தார்.

கவிதைகளை நான் அப்போது படிக்கவில்லை. தைக்கிறவள் பக்க எண்ணைத்தான் பார்ப்பாள். மொத்தம் இருநூறு பிரதி. மார்ச் கடைசியில், முன்பணம் கொடுத்த எண்பத்தேழு பேருக்கும் தபாலில் அனுப்பிவிட்டோம்.

ஏப்ரல் 6 அன்று முற்பகலில் பழுப்புக் கோட்டு அணிந்த ஒருவர் கொட்டகைக்கு வந்தார். பெயர் சொல்லவில்லை. அடுத்த புத்தகத்துக்கு முப்பது பிரதிக்கான பணத்தை இப்போதே தருவதாகச் சொன்னார். வூகொஸ்லாவுக்கு ஒரே சந்தோஷம், காபி போட உள்ளே போனார். நான் என் கையாலேயே யெலிசாவாவின் புத்தகத்தைக் கொடுத்தேன். அவர் கவிதைப் பக்கம் ஒன்றைக்கூடத் திருப்பாமல் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனார். "என்ன சார், மாமனார் பேரு இருக்கான்னு தேடுறீங்களா?" என்றேன். அவரும் சிரித்தார். "பாட்டு யாரு வேணாலும் எழுதலாம்மா. பேருதான் சுவாரசியம்" என்றார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். ஓரிடத்தில் விரல் நின்றது. அந்தப் பக்கத்தின் முனையை மடித்தார். எங்கள் கடையில் முனை மடிக்கக் கூடாது என்றேன். மன்னிப்புக் கேட்டு, மடிப்பை நகத்தால் நீவிச் சரிசெய்து, புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனார். காபி வருவதற்குள் போய்விட்டார். முப்பது பிரதிப் பணமும் வரவில்லை.

ஏப்ரல் 9 சனிக்கிழமை மாலை நூலகத்தில் வாசிப்புக் கூட்டம். யெலிசாவா முதல் பிரதியைத் திறந்து பட்டியலைச் சிரித்துக்கொண்டே படித்தவள், பாதியில் புத்தகத்தை மூடினாள். என்னை மூலைக்கு அழைத்துப் போய், "வாயிற்காவலர்னு யாருக்கா எழுதுனது?" என்று கேட்டாள். நான்தான் என்றேன். அதன் பிறகு அவள் அந்த நீளக் கவிதையை என் காதருகில் படித்தாள். வாசலில் நிற்கும் ஒருவர், ஆளுக்கொன்றாக உள்ளே போன விளக்குகள் பத்தொன்பது, வெளியே வந்தவை ஏழு என்று எண்ணுவதாக அதில் வருகிறது. விபத்தில் இறந்தவர்கள் ஐந்து பேர் என்றுதான் நிறுவனம் அறிவித்திருந்தது. மில்கோ தூக்க மாத்திரை வாங்க வந்தபோது அழுதுகொண்டே அவளிடம் சொன்ன கணக்கு அது. கவிதையில் அவர் பெயர் இல்லை. பட்டியலில் எண்பத்தேழு பேரில் வாயிற்காவலர் ஒருவர்தான்.

உடனே வூகொஸ்லாவின் காரில் மூன்று பேரும் மில்கோ வீட்டுக்குப் போனோம். அவர் காலை ஷிப்டுக்குப் போனவர் இன்னும் வரவில்லை என்று ஸ்டாமெனா சொன்னாள். அவர் வரவே இல்லை.

ஏப்ரல் 10 காலையில் ஸ்டாமெனாவுடன் சுரங்க வாசலுக்குப் போனேன். புதிய காவலர் நின்றார். மில்கோ முந்தின நாள் நண்பகலில் விலகல் கடிதம் கொடுத்துவிட்டுப் போய்விட்டதாக அலுவலகத்தில் சொன்னார்கள், கடிதத்தையும் காட்டினார்கள். ஒரு பக்கம் முழுக்கத் தட்டச்சு. ஸ்டாமெனா அதைப் படித்துவிட்டு, "வாழ்த்து அட்டையில ரெண்டு வரி எழுதவே என்னத்தான் கூப்பிடுவாரு" என்றாள். அவருடைய சைக்கிள் வாசலுக்கு உட்புறம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதில் கட்டியிருந்த டப்பாவில் சீஸ் அடைத்த புரெக் ரொட்டி அப்படியே இருந்தது, கடித்த தடம் இல்லை.

அதன் பிறகு வீட்டுக்கு வந்து, கையிருப்பில் இருந்த நூற்றுப் பதினொரு பிரதிகளிலிருந்தும் கடைசித் தாளை நானே கத்தியால் அறுத்தெடுத்து அடுப்பில் போட்டேன். தபாலில் போனவற்றை என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

இன்று நானாகவே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து மேற்கண்டவற்றைச் சொன்னேன். கவிதையில் இறந்தவர்களைக் குளிப்பாட்டும் பெண் ஒருத்தி வருகிறாள், அவள் யார் என்று அதிகாரி என்னிடம் மூன்று முறை கேட்டார். அவள் யார் என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன் என்றேன், அப்படியே எழுதிக்கொள்ளச் சொன்னேன். மில்கோ எங்கே என்பது பற்றி என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கப்படவில்லை. அதையும் எழுதச் சொன்னேன்.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன் என்றாலும், தாளை வாங்கி நானும் ஒருமுறை படித்தேன். 'மில்கோ வேலையை விட்டுப் போய்விட்டார்' என்று ஓரிடத்தில் எழுதியிருந்தது. அது நான் சொன்னதல்ல. 'போய்விட்டதாக அலுவலகத்தில் சொன்னார்கள்' என்று திருத்திய பிறகே பேனாவை வாங்கினேன், திருத்திய இடத்திலும் கையெழுத்து வைத்திருக்கிறேன். இப்போது இதில் உள்ளது முழுவதும் நான் சொன்னது, உண்மை.

(கையொப்பம்) டோப்ரிலா