நகராத ஒரு கார்

— பத்து நிமிஷமாவா லிஃப்ட்டுக்காக நின்னீங்க? ரிப்பேர்னு கண்ணு முன்னாடி எழுதி ஒட்டியிருக்கே, ஆர்ட்டூ.

— எங்கே படிச்சேன்! மூணாம் மாடி, இடது வாசல்னு உன் சிநேகிதன் மார்க்குஸ் சொன்னான். அதையே முணுமுணுத்துக்கிட்டு நின்னேன்.

— ஷூவைக் கழட்டிட்டு வாங்க, காபி ஆறுது. மூணு வருஷமா எனக்கு ஒரு வரி எழுதாத மனுஷர், இந்த ஔலு ஊர் வரைக்கும் எதுக்கு வந்தீங்க?

— என்ன சொல்றதும்மா மெர்வி... அந்த பஸ் சமாச்சாரம் கேள்விப்பட்டியா? ரிவர்ஸ் எடுக்கறப்போ கேமரா இருண்டு போச்சு. பின்னாடி நின்ன பொண்ணோட சைக்கிள் நசுங்கிச்சு. அவ மயிரிழையில தப்பிச்சா.

— தெரியும். கேமராவுக்கு மெமரியில துண்டு துண்டா இல்லாம ஒரே நீளமா இடம் வேணும். கம்ப்யூட்டரையே நடத்துற அடிப்படை ப்ரோக்ராம், நம்ம கர்னல், அதை ஒதுக்கித்தான் வெச்சிருக்கு. ஆனா சும்மா கிடக்குதேன்னு நடுவுல மத்த ப்ரோக்ராம்களுக்கு விடுது. கேமரா கேட்டதும் எல்லாரும் எழுந்து நகரணும். ஒருத்தன் அசைய மாட்டேன்னுட்டா மொத்தமும் போச்சு.

— அதேதான். எவனோ நாள்கணக்கா ஆணியடிச்ச மாதிரி அங்கேயே...

— பனி அள்ளுற அன்னிக்குத் தெருவுல ஒரே ஒரு காரை நகர்த்தாம விட்டா, அள்ளுற வண்டி உள்ளேயே வர முடியாத மாதிரி. அந்த உதாரணத்தோடதானே மூணு வருஷம் முன்னாடி கர்னலுக்குத் திருத்தம் அனுப்பினேன்? ரொம்ப நாள் தங்கறவனை முதல்லயே வேற இடத்துக்கு மாத்திடுங்கன்னு. உலகமே படிக்கிற மெயில் லிஸ்ட்ல என்ன பதில் போட்டீங்க?

— வேணாம்மா.

— சொல்லுங்க.

— "கார் நிறுத்தறதைப் பத்திப் பேச வேற இடம் பாரு. கர்னலைத் தொடறதுக்கு முன்னாடி படிச்சுட்டு வா"ன்னு.

— மெர்வி லாக்சோ அதோட முடிஞ்சா.

— அன்னிக்கு அதை நான் படிக்கவே இல்லை. முதல் பத்தியில காரைப் பார்த்தேன், சிரிப்பு வந்துச்சு, திட்டிட்டேன். பஸ் விஷயம் வந்தப்புறம்தான் தேடி எடுத்துப் படிச்சேன். வரிக்கு வரி சரி. அதுக்கப்புறம் நான் செஞ்சது... சொல்ல நாக்கு கூசுது.

— காபி குடிங்க. குடிச்சுட்டு சொல்லுங்க.

— கொஞ்சம் மாத்தி எழுதி என் பேர்லயே அனுப்பிட்டேன். அந்தக் காரையும் விடாம. ஆளாளுக்குப் பாராட்டினாங்க. வெக்கங்கெட்டு நன்றி சொன்னேன். ஞாயித்துக்கிழமை புது கர்னல்ல சேர்ந்துடும். அப்புறம் அந்தப் பேரை யாராலயும் அழிக்க முடியாது.

— அதுக்கு?

— இன்னிக்கே வாபஸ் வாங்கறேன். திருடினதையும் சொல்லி, உன் பேர்ல திருப்பி அனுப்பறேன். நீ சரின்னா போதும். நாலு வார்த்தை திட்டு, தேவலை.

— திட்டறது உங்க வேலை. அனுப்பினதை யாரும் சரிபார்க்கலையா?

— ஒரே ஒருத்தர். ரௌத்தியோன்னு பேர், நேர்ல பார்த்ததில்லை, ரெண்டு வருஷமா லிஸ்ட்ல இருக்கார். மத்தவங்க என் பேரைப் பார்த்ததுமே சரின்னுட்டாங்க. அவர்தான் உட்கார்ந்து படிச்சு, நான் மாத்தின இடத்துல ரெண்டு தப்பு கண்டுபிடிச்சார். விட்டிருந்தா கேமரா மறுபடி இருண்டிருக்கும். ஒரு சுடுசொல் இல்லை, தங்கமான மனுஷன். உன்னுதை நான் அப்படிப் படிச்சிருந்தா அந்தப் பொண்ணு...

— அழாதீங்க. ஷூவை மாட்டுங்க.

— அப்போ சரியா, மெர்வி? எழுதட்டுமா?

— எழுதுங்க. ஆனா லாக்சோன்னு போடாதீங்க, ரெண்டு வருஷம் முன்னாடியே எங்கம்மா வீட்டுப் பேருக்கு மாறிட்டேன். வெளியே போனதும் திரும்பி நின்னு, என் கதவுல எழுதியிருக்கிற பேரை ஒரு தடவையாவது படிச்சுட்டுப் போங்க.