பதினாலு ஆத்துமாக்களும் ஒரு மஞ்சள் தாளும்

— பதினாலு இருக்கா? நல்லா எண்ணிப் பாத்தியா?

— நாற்காலிதானேங்க, ஆடா மாடா, எண்ணும்போதே ஓடிப்போக? பொது அறையில இருந்து எட்டு, எதிர் வீட்டுல கேட்டு வாங்கினது நாலு, நம்ம சமையலறையிலது ரெண்டு. அந்த ரெண்டுல ஒண்ணுக்குக் கால் ஆடும்.

— அதுல ஐயாவை உக்கார வச்சிராதே.

— அவரை எதுல உக்கார வச்சாலும் ஆடத்தான் செய்யும்.

— இந்த நக்கலை இன்னைக்கு ஒரு நாள் மூட்டை கட்டி வையி. சின்ன விஷயமா இது? ஊழியத்தோட தலைவர், அஞ்சு நாடு சுத்திட்டு, நாலு மணிக்கு நம்ம வீட்டுப் படி ஏறப் போறார். இந்தப் பல்கலைக்கழகத்துல நம்ம வேலை தொடரணுமா, இழுத்து மூடணுமான்னு இங்க உக்காந்துதான் முடிவு பண்ணப் போறார்.

— தெரியும்ங்க. பலன் இருந்தா இருங்க, இல்லேன்னா நம்ம நாட்டுக்கே கிளம்புங்கன்னு போன மாசம் ஸ்பீக்கர்ல போட்டுத்தானே பேசினார். பாப்பாகூட கேட்டுச்சு.

— அதான் சொல்றேன். மாசா மாசம் அனுப்புற ஊழிய மடல்ல பதினாலு ஆத்துமாக்கள்னு எழுதியிருக்கேன். பதினாலு பேரும் வந்து உக்காரணும்.

— வர்றதே பன்னெண்டு பேருதானேங்க.

— நம்ம ரெண்டு பேரையும் சேத்து.

— நாமதான் ஏற்கெனவே ரட்சிக்கப்பட்டுட்டோமே. எத்தனை தடவைதான் நம்மளையே ரட்சிப்பீங்க?

— விசுவாசத்துல எழுதினேன்மா. விசுவாசத்துல எழுதுறப்ப ஒண்ணு ரெண்டு கூடத்தான் வரும்.

— சரி, அதை விடுங்க. ‘பல்கலைக்கழக வளாகமே அதிர்கிறது’ன்னு ஒரு வரி போட்டீங்களே, அதைப் பத்திக் கேட்டா என்ன சொல்லுவீங்க? எனக்குத் தெரிஞ்சு இங்க அதிர்றது கீழ்த்தளத்து வாஷிங் மெஷின் மட்டுந்தான்.

— உனக்கு ஆவிக்குரிய கண்ணு இல்ல. அதான் உனக்கு எல்லாம் வாஷிங் மெஷினாத் தெரியுது.

— மூணு வருஷமாத் துணி துவைக்கிறது நானுங்க. வேற என்ன தெரியும்?

— அப்பா, அப்பா! தலையாட்டி அண்ணன் இன்னைக்கு வருவாரா?

— பாப்பா, பெரியவங்களுக்குப் பட்டப்பேர் வைக்கக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? அந்தத் தம்பி அப்பாவோட செய்தியைக் கேட்டு உள்ளுக்குள்ள உடைஞ்சு போறாரு. அதான் தலையை அசைச்சுக்கிட்டே இருக்காரு. ஐயாகிட்ட முதல்ல அவரைத்தான் நிறுத்தப் போறேன்.

— இல்லப்பா, நிஜமா, அவர் காதுல பாட்டு ஓடிக்கிட்டிருக்கும். போன வாரம் எனக்கும் ஒரு காதுக்குக் குடுத்தார். நல்லா இருந்துச்சு.

— நீ கொஞ்சம் சும்மா இருக்கியா.

— ஏங்க அவளை அதட்டுறீங்க? அவ காதுக்கு வந்ததைச் சொல்றா.

— சரி சரி. இங்க பாரு, அந்த மஞ்சள் தாள் எங்கே? போன வாரம் அந்தத் தம்பி கையெழுத்து வாங்கிட்டு எடுக்காமப் போனானே, அது.

— அது எதுக்குங்க இப்ப?

— எதுக்கா? ஐயா வர்றதே அதுக்குத்தான்! அதைப் படம் எடுத்து மாநாட்டு மேடையில திரை அகலத்துக்குப் போடப் போறார். எந்த ஊழியக்காரனுக்குக் கிடைச்சிருக்கு சொல்லு? நாம நடத்துற வேதபாடத்தைப் பல்கலைக்கழகமே ஒரு வகுப்பா எடுத்துக்கிட்டு, வாரா வாரம் வருகைத் தாள் குடுத்து விடுது. என் கையெழுத்து விழுந்தாத்தான் அந்தப் பிள்ளைங்களுக்குப் பட்டமே.

— அந்தக் கடைசி விஷயம் மட்டும் சரிதான்.

— எல்லாமே சரிதான். எங்கே அது?

— பழைய பேப்பரோட சேத்துக் கட்டிப் போட்டிருப்பேன்னு நினைக்கிறேன்.

— இல்லம்மா, நீ ஃபிரிட்ஜ் மேல, அந்தத் தட்டுக்கு அடியில வச்சே. நான் பாத்தேன். எடுத்துட்டு வரட்டுமா?

— ஓடு, எடுத்துட்டு வா. பாத்தியா, குழந்தைக்கு இருக்குற பொறுப்பு உனக்கு இல்ல. என்ன முறைக்கிறே அவளை?

— முறைக்கலைங்க. ஏங்க, அதை அப்படியே காட்டினாப் போதாதா? ஐயா என்ன வரிக்கு வரியா படிக்கப் போறாரா?

— என்ன எழுதியிருக்குன்னு கேப்பாரே. சொல்ல வேண்டாமா?

— இந்த ஊர் மொழியில சரளமாப் போதிக்கிறேன்னு போன வருஷ மடல்ல எழுதினீங்களே. நீங்களே படிச்சுச் சொல்லுங்க.

— பேசுறது வேற, எழுத்து வேற.

— பேசுறதும் பாதி ஆங்கிலம், பாதி கை ஜாடை.

— அப்பா, இந்தாங்க.

— வா செல்லம். இப்படி மடியில உக்காரு. நீதான் பள்ளிக்கூடத்துல இந்த ஊர் எழுத்துல முதல் மார்க்காச்சே. மேல இருந்து ஒவ்வொரு வரியாப் படிச்சு, தமிழ்ல சொல்லு. நான் குறிச்சுக்கிறேன்.

— ஏங்க, அவளுக்கு இன்னும் வீட்டுப்பாடம் முடியலை.

— நான் முடிச்சிட்டேன்மா, நிஜமா. இருங்கப்பா... இது பெரிய எழுத்து. ‘மாணவர்... சமுதாயத் தொண்டு... நேரக் குறிப்பு.’

— தொண்டு! கேட்டியா? தொண்டுன்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க. மேல படி.

— ‘பட்டம் வாங்கணும்னா ஒவ்வொரு மாணவரும் நூறு மணி நேரம் உதவி செய்யணும்.’ அப்புறம் கட்டம் கட்டமா இருக்குப்பா. ‘எந்த இடத்துல உதவி செய்யுறீங்க? ஒண்ணுல டிக் போடுங்க.’ முதியோர் இல்லம். அப்புறம் ஆஸ்பத்திரி. அப்புறம்... நாய்க் காப்பகம்.

— நாய்க் காப்பகமா? அது எதுக்கு நம்ம தாள்ல?

— அதுல டிக் இல்லப்பா. அதுக்குக் கீழேதான் டிக்.

— கீழே என்ன?

— ‘தனியா இருந்து கஷ்டப்படுற வெளிநாட்டுக் குடும்பம்.’

— தப்பாப் படிக்கிறே. நிதானமாப் படி.

— நிதானமாத்தான்ப்பா படிச்சேன். இதோ, நம்ம வீட்டு நம்பர்கூட இருக்கு. ‘உதவி செய்த நேரம்: ரெண்டு மணி.’ அடுத்தது, ‘உதவி பெற்றவர் கையெழுத்து.’ அங்க நீங்க போட்டிருக்கீங்க. உங்க கையெழுத்துதான், கீழே ரெண்டு கோடு இழுத்து, புள்ளி வச்சு.

— என்னங்க? என்னங்க, உக்காருங்க. அதுல இல்ல, அது கால் ஆடும். இப்படி உக்காருங்க.

— ஒரு வருஷமா போட்டேன் கையெழுத்து.

— தண்ணி குடிங்க.

— வாரா வாரம். பன்னெண்டு பேருக்கும். சொந்தப் பேனாவுல. ஒருத்தன் பேனா நீட்டினான், வேண்டாம்னு நானே என் பேனாவை எடுத்துப் போட்டேன்.

— அப்பா, அந்த நெட்டை அக்கா சொன்னாங்க, நாய்க் காப்பகத்துல எல்லாத்தையும் கழுவி விடணுமாம். இங்கன்னா டீயும் பிஸ்கட்டும் குடுப்பாங்களாம், உக்காந்தாப் போதுமாம். அதான் எல்லாரும் நம்ம வீடு கேட்டாங்களாம்.

— பாப்பா, போய் உன் அறையில விளையாடு.

— ஏன்மா? நான் தப்பாப் படிச்சேனா?

— இல்லடா, சரியாத்தான் படிச்சே. போ.

— பதினாலு ஆத்துமாக்கள். மடல் எத்தனை பேருக்குப் போகுது தெரியுமா? எழுநூறு வீடு. எழுநூறு வீட்டுலயும் எனக்காக முழங்கால் போட்டுட்டு இருக்காங்க. நான் இங்க நாய்க்குக் கீழே டிக் வாங்கிட்டு இருக்கேன்.

— அப்படிச் சொல்லாதீங்க.

— வேற எப்படிச் சொல்ல? நீயே சொல்லு. போன குளிர்காலம் ஞாபகம் இருக்கா? ரெண்டு வருஷம் ஒரு ஈ காக்கா வரல. நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். ஏழு நாள் உபவாசம். ஒருத்தரை அனுப்பும், இல்லேன்னா நான் இந்த வேலைக்கு லாயக்கில்லன்னு எடுத்துக்கிறேன்னு சொல்லிட்டேன். எட்டாவது நாள் காலையில கதவைத் தட்டுற சத்தம். திறந்தா ரெண்டு பேரு. அந்தத் தம்பியும் நெட்டைப் பொண்ணும். எனக்கு அழுகையே வந்திருச்சு.

— தெரியும்ங்க. நான் பக்கத்துலதான் நின்னேன்.

— அது பதில்னு நினைச்சேன்மா. எனக்கே எனக்குன்னு வந்த பதில். அதை வச்சுத்தான் இந்த ஒரு வருஷமா எந்திரிச்சு நடமாடுறேன். இப்ப பாத்தா, யாரோ ஒரு ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு பட்டியல் போட்டிருக்கான்.

— ஐயா வர்ற நேரமாச்சு. முகத்தைக் கழுவுங்க. அப்புறமாப் பேசிக்கலாம்.

— அப்புறம் என்ன பேச? அவர் அந்தப் பிள்ளைங்களை நிறுத்தி வச்சுக் கேப்பார், எப்ப உன் உள்ளத்துல மாற்றம் வந்துச்சுன்னு. அவன் காதுல இருக்குறதைக் கழட்டிட்டு, தொண்ணூத்தெட்டு மணி ஆயிருச்சு, இன்னும் ரெண்டு மணிதான் பாக்கின்னு சொல்லுவான்.

— நான் சொல்லி வச்சுக்கிறேன்.

— என்னத்தைச் சொல்லி வைப்பே? பொய் சொல்லச் சொல்லுவியா?

— சிரிச்சாப் போதும்னு சொல்லுவேன். மொழி தெரியாத இடத்துல நாம அதைத்தானே பண்ணிட்டு இருக்கோம், மூணு வருஷமா.

— வேண்டாம். திங்கக்கிழமை முதல் வேலையா அந்த ஆபீசுக்குப் போறேன். எவனைக் கேட்டு எங்களைத் தனியாக் கிடந்து கஷ்டப்படுற குடும்பம்னு எழுதினீங்கன்னு மேசையைத் தட்டிக் கேக்குறேன். நம்ம பேரை அடிக்க வச்சிட்டுத்தான் மறுவேலை.

— அதெல்லாம் வேண்டாங்க. அடிச்சா யாரும் வர மாட்டாங்க.

— வர வேண்டாம்! இப்படி வர்றதுக்கு வராமலே இருக்கலாம். எவனோ ஒரு குமாஸ்தா, நம்மளைப் பாத்தது கூட இல்ல...

— அந்தம்மாவைத் திட்டாதீங்க. அவங்க நல்லவங்க.

— எந்தம்மா?

— இல்ல... பொதுவாச் சொன்னேன்.

— எந்தம்மான்னு கேட்டேன்.

— உங்க போன் அடிக்குதுங்க. ஐயாவாத்தான் இருக்கும்.

— ஸ்தோத்திரம் ஐயா, ஸ்தோத்திரம்!... ஆமாங்க ஐயா, அதே கட்டடந்தான்... வாசல்லயே நிக்கிறாங்களா? பன்னெண்டு பேருமா?... ஆமாங்க ஐயா, பெரிய அறுவடைதாங்க... கையில மஞ்சள் தாளா? ஆமாங்க ஐயா, அதேதான்... லிஃப்ட் சின்னதுங்க ஐயா, நீங்க முதல்ல வாங்க, அவங்க படியேறி வருவாங்க. அஞ்சாவது மாடி... ஸ்தோத்திரம்.

— சட்டைக் காலரைச் சரி பண்ணுங்க.

— கையை எடு. எந்தம்மா?

— முதல்ல நிமிருங்க, காலர் மடிஞ்சிருக்கு.

— அந்த ஆபீஸ்ல இருக்குறது ஒரு அம்மான்னு உனக்கு எப்படித் தெரியும்?

— பாப்பா தூங்கப் போனப்புறம் சொல்றேன்னு இருந்தேன். ஒரு வருஷமா பாப்பாவும் தினம் தூங்கிட்டுத்தான் இருக்கா. எனக்குத்தான் வாய் வரலை.

— நீ அந்தத் தாளைப் படிச்சிருக்கே.

— மொழி வகுப்புக்குப் போறேனேங்க. படிக்கத் தெரியும்.

— முதல் வாரமே படிச்சிட்டியா?

— அதுக்கு முன்னாடியே. நீங்க உள்ளே கிடந்தீங்க. மூணாவது நாள் கதவை லேசாத் திறந்து பாத்தேன். நம்ம சமையலறை நாற்காலி ரெண்டையும் காலியா, ஒண்ணு பின்னால ஒண்ணாப் போட்டு, எதிர்ல நின்னு பேசிக்கிட்டு இருந்தீங்க. ‘பின்வரிசையில இருக்கிறவங்களுக்குக் கேக்குதா?’ன்னு கேட்டீங்க. அஞ்சாவது நாள் பாப்பாவைக் கூப்பிட்டு முன்னாடி உக்கார வச்சீங்க. அவ பயந்துக்கிட்டே உக்காந்திருந்தா. நான் யார்கிட்டங்க போவேன்? ஐயாகிட்டச் சொன்னா அன்னைக்கே டிக்கெட் போட்டிருப்பார். நீங்க இதுல தோத்துட்டுத் திரும்பிப் போனா, நிச்சயமா மறுபடி எந்திரிச்சிருக்க மாட்டீங்க.

— அதனால?

— வகுப்பு டீச்சர்கிட்ட வாயைத் திறந்தேன். அவங்கதான் அந்த ஆபீசைக் காட்டினாங்க. அந்தம்மா ஒரு தாளைக் குடுத்து, என்ன உதவி வேணும்னு எழுதுங்கன்னாங்க.

— நீ எழுதிக் குடுத்தியா?

— லிஃப்ட் சத்தம் கேக்குது. போய்க் கதவைத் திறங்க.

— என்னன்னு எழுதினே?

— மணி அடிக்கிறார்ங்க.

— அடிக்கட்டும். என்னன்னு எழுதினே?

— அப்ப எனக்கு இந்த மொழியில தெரிஞ்சதே அம்பது வார்த்தை. அதை வச்சு எழுதினேன்: ‘என் புருஷன் நல்லவர். பேசுவார். எதிர்ல உக்காந்து கேக்க ரெண்டு பேர் வேணும். நம்பணும்னு இல்ல.’