இந்த பிளேடு எத்தனை வருஷம் தாங்கும்?

– தட்டாதீங்கக்கா! ஸ்பேனரால அப்படித் தட்டினா பெயிண்ட் பேந்துடும்.

– பேந்தா பேந்துட்டுப் போகுது தம்பி. பெயிண்ட்டை வச்சா நான் மண்ணைத் தள்ளப் போறேன்? சத்தத்தைக் கேட்டீங்களா? தகர டப்பா மாதிரி லொடலொடங்குது. டிராக்டருக்குப் பின்னாடி மாட்டுற பிளேடு கேட்டா முறத்தை எடுத்துக் காட்டுறீங்க.

– முறமா! சத்தியமா சொல்றேன்க்கா, நம்ம கடையிலயே அதிகமா விக்கிற சாமான் இதுதான்.

– அதிகமா விக்குதுன்னா அதிகமா உடையுதுன்னு அர்த்தம். வாங்கினவனே திரும்பி வந்து வாங்கிட்டுப் போறான்.

– ஏம்மா, நல்லாத்தானே இருக்கு? கலரைப் பாரு. நம்ம மினி டிராக்டருக்கு ஏத்த மாதிரி லேசா, அடக்கமா. ரைட்டு! தம்பி, இதையே பில் போடுங்க.

– என்னங்க, கண்டக்டர் வேலையில இருந்து ரிட்டயர் ஆகியும் ஆள் ஏறுறதுக்குள்ள ரைட்டு குடுக்கிற பழக்கம் போகலையே உங்களுக்கு.

– ஏறாத ஆளுக்காகப் பஸ்ஸு நிக்குமா? நீ ஒரு பிளேடு வாங்க ஒம்போது கேள்வி கேக்குற.

– சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்க்கா. சார் எதையும் யோசிச்சுத்தான் பேசுவாரு.

– அப்படியா? இவரை உங்களுக்கு முன்னாடியே தெரியுமா தம்பி?

– யாருக்கு? எனக்கா?

– சேச்சே, நாம இதுக்கு முன்னாடி பாத்ததே இல்லையே. இல்லையா தம்பி?

– ஆமா சார். சத்தியமா பாத்ததே இல்லை. முந்தாநேத்துகூடப் பாக்கலை.

– முந்தாநேத்துப் பாக்கலைன்னு இப்ப யாரு கேட்டா?

– அது… ஒரு பேச்சுக்குச் சொன்னேன்க்கா. இந்தப் பக்கம் வாங்க, வேற பிளேடு காட்டுறேன். உங்க நிலம் எப்படி? சமதளமா, மேடா?

– மேடு. நாத்துப்பண்ணை வச்சிருக்கோம். பழச்செடி, பூச்செடி, நிழல் மரம், எல்லாம் உண்டு. கீழ தார் ரோட்டுல இருந்து பண்ணைக்கு ஏறி வர எங்க சொந்த மண்பாதை ஒண்ணுதான். மழை பேஞ்சா அது பாதையா இருக்காது, ஓடையா இருக்கும். ஒரு பள்ளத்துல இறங்கினா முழங்கால் தெரியாது.

– அவ்வளவு மோசம் இல்லை தம்பி. இவ எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவா.

– கூட்டிச் சொல்றேனா? போன மழையில செடி எடுக்க வந்த வேன் சேத்துல இறங்கி நிக்கலை? அந்த டிரைவர் நம்ம வீட்லயே குளிச்சு, சாப்பிட்டு, படுத்துத் தூங்கி எந்திரிச்சுப் போனாரே.

– நல்ல மனுஷன். போறப்ப செடியைத்தான் மறந்துட்டுப் போயிட்டாரு.

– அப்படிப்பட்ட பாதைன்னா அக்கா கேக்குறதுதான் நியாயம் சார். வாங்க, இதோ இருக்கு பாருங்க, நம்ம கடையோட யானை! தட்டிப் பாருங்கக்கா.

– ம்… இதுல்ல சத்தம்! கோயில் மணி மாதிரி இல்லை, அம்மிக்கல்லு மாதிரி கம்முனு இருக்கு. முதுகுல என்ன, ரெண்டு பட்டை குறுக்கே வச்சு வெல்டு பண்ணியிருக்கா?

– ரெண்டு இல்லைக்கா, மூணு. பாறையில மோதினாலும் வளையாது. கீழ மண்ணை வழிக்கிற பட்டை இருக்கு பாருங்க, அது தனி. போல்ட்டு போட்டுத்தான் இருக்கு. ஒரு பக்கம் தேஞ்சா கழட்டித் திருப்பிப் போட்டுக்கலாம். ரெண்டு பக்கமும் தேஞ்சா பட்டையை மட்டும் மாத்தினா போதும். பிளேடு உங்க பேரன் காலத்துக்கும் இருக்கும். சத்தியமா சொல்றேன்.

– பேரன் காலமா? அடேங்கப்பா, அவ்வளவு காலத்துக்கு எதுக்கு? ரெண்டு மழைக்குத் தாங்கினா போதாது?

– ரெண்டு மழைக்கு? ஏங்க, மூணாவது மழை நம்ம பாதையில பேயாதுன்னு எழுதிக் குடுத்திருக்காங்களா?

– அதுக்கில்லைம்மா. இதைத் தூக்குற அளவுக்கு நம்ம வண்டிக்குத் தெம்பு இருக்கான்னு பாக்கணும். சின்ன வண்டி. பின்னாடி யானையை மாட்டினா முன்னாடி குதிரை மாதிரி ரெண்டு காலைத் தூக்கும்.

– சார் சொல்றதுலயும் விஷயம் இருக்குக்கா. முன் சக்கரம் தூக்கிச்சுன்னா ஸ்டியரிங் பேச்சுக் கேக்காது.

– தெரியும் தம்பி. முன்னாடி எடைக்கல்லு மாட்டுறதுக்கு வண்டியில இடம் இருக்கு. கல்லு கிடைக்கலைன்னா இவரை மாட்டிடுறேன்.

– சிரிக்காதீங்க தம்பி. செஞ்சாலும் செய்வா.

– அகலம் எப்படி? பிளேடைச் சாய்ச்சு வச்சா பின் சக்கரத் தடத்தை மூடுமா? மூடலைன்னா நான் சமன் பண்ணப் பண்ண, என் சக்கரமே பின்னாடி கோடு போட்டுட்டு வரும். உழுத மாதிரி ஆயிடும்.

– தாராளமா மூடும். நேரா வச்சா ரெண்டு பக்கமும் ஒரு சாண் மிச்சம் நிக்கும், சாய்ச்சாலும் சக்கரத்துக்குக் குறையாது. மாட்டுறதும் சுலபம். மூணு இடத்துல இரும்புப் பின்னைச் சொருகினா வேலை முடிஞ்சது.

– அப்ப இதுதான். முடிச்சுடுங்க.

– நில்லு, நில்லு, ஒத்தை விசில்! ஏம்மா, அவசரப்படாத. இரும்புல என்ன, துரு பிடிச்சாப் போச்சு. லேசானதை வாங்கினா நாளைக்கு விக்கிறதுக்கும் சுலபமா இருக்கும்.

– விக்கிறதா? இன்னும் வாங்கவே இல்லை, அதுக்குள்ள யாருக்கு விக்கிறீங்க?

– ஒரு பேச்சுக்கு.

– இன்னைக்கு ரெண்டு பேருக்குமே நிறைய ‘ஒரு பேச்சுக்கு’ வருது.

– அக்கா, சார் சொல்றதும் வியாபாரம் தெரிஞ்ச பேச்சுத்தான். டிராக்டரோட பிளேடும் சேத்துக் குடுத்தா, பாக்க வர்ற ஆளுங்களும் விலையைக் கொஞ்சம் கூட்டிக் குடுப்பாங்க. நான்கூட ரெண்டு பேருகிட்ட சொல்லி வச்சிருக்கேன் சார், அதுல ஒருத்தரு… ஐயோ.

– யாரு கண்ணைக் காட்டினது? என்னங்க, இப்ப கண்ணைக் காட்டினீங்களா நீங்க?

– கண்ணுல தூசிம்மா.

– தம்பி, நீங்க சொல்லுங்க. எந்த டிராக்டரைப் பாக்க யாரு வர்றாங்க?

– அக்கா, நான் போய் டீ சொல்லிட்டு வந்துடுறேனே…

– டீ அப்புறம் குடிக்கலாம், உக்காருங்க. முந்தாநேத்து இவரு இங்க வந்தாரா இல்லையா?

– சார், மன்னிச்சுக்குங்க. அக்கா ஸ்பேனரோட நிக்குறாங்க. வந்தாருக்கா. டிராக்டரை வாங்க ஆள் பாக்கச் சொன்னாரு. உங்களுக்குத் தெரியும்னுதான் நினைச்சேன். அப்புறம் போறப்ப, ‘வீட்டம்மாகிட்ட சொல்லிடாதீங்க’ன்னாரு.

– ரைட்டு. ஒரு கடைக்காரனை நம்பினது என் தப்பு.

– அவரை ஏன் திட்டுறீங்க? என் டிராக்டரை எனக்கே தெரியாம விக்கப் பாத்தது நீங்க. டவுனுக்குப் போறேன்னு சொன்னப்ப, பல்லு வலின்னுல்ல சொன்னீங்க? நான் சுக்கு வேற தட்டிக் குடுத்தேன்.

– குடுத்த. அதை வாயில அடக்கிட்டுத்தான் இவருகிட்டப் பேசினேன். எரிச்சல்ல விலையைக்கூடச் சரியாச் சொல்ல முடியலை.

– ஆமாக்கா, சார் பேசினதுல பாதி எனக்குப் புரியலை.

– வித்துட்டு? வித்துட்டு எங்க போறதா இருந்தீங்க?

– பையன்கிட்ட. சிட்டியில அவன்கூட இருந்துடலாம். லிஃப்ட் வச்ச வீடு. குழாயைத் திறந்தா தண்ணி. பேரப் புள்ளையை ஸ்கூல்ல விட்டுக் கூட்டிட்டு வரலாம். அவன்கிட்டயும் கேட்டுட்டேன்.

– என்ன சொன்னான்?

– பாக்கலாம்ப்பா அப்படின்னான்.

– ‘பாக்கலாம்’னா வாங்கன்னு அர்த்தமா?

– நம்ம பையன் ‘முடியாது’ன்னு சொல்லலையே.

– நல்லாருக்கு. செடி, கொடி, இத்தனை வருஷம் ஊத்தின தண்ணி, எல்லாத்தையும் ஒரு ‘பாக்கலாம்’ல ஏத்தி அனுப்பிட்டீங்க. எனக்குத் தெரியாம, என் முதுகுக்குப் பின்னாடி! ஏங்க, உங்களுக்கு அப்படி என்னதான் குறை வச்சேன் நான்?

– நீ குறை வைக்கலை. பயத்தை வச்ச.

– பயமா? எதுக்கு?

– போன மழையில அந்த வளைவுல வண்டி வழுக்குச்சே, ஞாபகம் இருக்கா? ஒரு பின் சக்கரம் அந்தரத்துல சுத்துது. நீ சீட்டுல. கீழ பள்ளம். நான் இந்தப் பக்கம் நாத்துத் தட்டைக் கையில வச்சுக்கிட்டு நிக்குறேன்.

– அதான் ஒண்ணும் ஆகலையே. ரிவர்ஸ் போட்டு வந்துட்டேன்.

– உனக்கு ஒண்ணும் ஆகலை. எனக்கு ஆச்சு. என் காலம் பூரா நான் விசில் அடிச்சா எவ்வளவு பெரிய பஸ்ஸும் நிக்கும். அன்னைக்கு வாயில விரலை வச்சு விசில் அடிச்சேன் பாரு, காத்துதான் வந்துச்சு. அதுக்கப்புறம் நீ அந்த வண்டியில ஏறி உக்காந்தாலே, நீ திரும்பி வர்ற வரைக்கும் நான் வாசல்லயே நிக்குறேன். உன்னை இறங்குன்னு சொன்னா இறங்குவியா? மாட்ட. அதான் வண்டியையே வித்துடலாம்னு பாத்தேன்.

– …இதை என்கிட்டச் சொல்ல வேண்டியதுதானே.

– சொன்னா சிரிப்ப.

– சிரிக்க மாட்டேன்.

– இப்ப சிரிக்கிற.

– இது வேற சிரிப்பு. தம்பி, நீங்க ஏன் மூக்கை உறிஞ்சுறீங்க?

– ஒண்ணுமில்லைக்கா. கிரீஸ் வாடை. என் வீட்டுக்காரி எனக்காக இப்படிப் பயந்ததே இல்லை. சத்தியமா.

– இங்க பாருங்க. அன்னைக்கு வழுக்கினது வண்டியோட தப்பில்லை, என் கையோட தப்பும் இல்லை. பாதையில தண்ணி அறுத்த பள்ளம். பழைய பிளேடு வளைஞ்சு போய், வழிச்ச மண்ணு வழிஞ்சு அதே பள்ளத்துல விழுந்துச்சு. இந்த மாதிரி ஒண்ணை வச்சு நடுவுல மேடா, ரெண்டு ஓரமும் சரிவா வழிச்சுவிட்டா, தண்ணி ஓரமாப் போயிடும். அப்புறம் அந்த வளைவுல நீங்களே ஓட்டலாம்.

– நானா? எனக்கு ரைட்டு சொல்லத்தான் தெரியும், ஓட்டத் தெரியாது.

– அப்ப பக்கத்துல நின்னு சொல்லுங்க. ‘போதும்’னு நீங்க சொன்னா நான் நிறுத்துறேன். விசில் வரலைன்னாலும் கையைத் தூக்கினாப் போதும்.

– நிப்பாட்டுவியா?

– நிப்பாட்டுறேன்.

– சத்தியமா? இவரு சொல்ற சத்தியம் மாதிரி இல்லாம?

– சார், என் சத்தியத்துக்கு என்ன குறை?

– ரைட்டு. அந்த யானையையே போடுங்க தம்பி. டிராக்டரைப் பாக்க வர்ற ஆளுங்ககிட்ட, வண்டி வித்துப் போச்சுன்னு சொல்லிடுங்க. வாங்கினது யாருன்னு கேட்டா, எங்க வீட்டம்மான்னு சொல்லுங்க.

– அப்படிப் போடுங்க சார்! அக்கா, அடுத்த வாரம் வண்டியில ஏத்திக் கொண்டாந்து, நானே மாட்டிக் குடுத்துடுறேன்.

– அடுத்த வாரம் ஆகாது. இன்னைக்கே வேணும். மழை வர்றதுக்குள்ள பாதையைச் சரி பண்ணியாகணும். ஞாயித்துக்கிழமை நம்ம மேட்டுக்கு லாரி ஏறி வருது.

– லாரியா? என்ன லாரி? இவ்வளவு செடி யாரு கேட்டா?

– செடி இல்லைங்க. வீட்டுச் சாமான்.

– வீட்டுச் சாமானா? அடடா, அடடா! தம்பி, பாத்தீங்களா எங்க வீட்டம்மாவை? என்னைத் திட்டு திட்டுன்னு திட்டிட்டு, எனக்குத் தெரியாம லாரியே பேசி முடிச்சுட்டா! ஏம்மா, பையன்கிட்டப் போக நீயும் சம்மதம்னு ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருந்தா நான் சுக்கைக் கடிச்சிருப்பேனா? அந்தக் கட்டிலை விட்டுடலாம், லிஃப்ட்டுக்குள்ள போகாது. பீரோவைக் கழட்டி ஏத்திடலாம்…

– ஏத்துறதுக்கு இல்லைங்க, இறக்குறதுக்கு. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் ‘பாக்கலாம்’னு சொல்லியிருக்கான்; அவன் வேலை பாத்த கம்பெனியை மூடிட்டாங்களாம், என்கிட்டதான் போன்ல சொன்னான், ஞாயித்துக்கிழமை பொண்டாட்டி புள்ளையோட நம்ம வீட்டுக்குத்தான் வர்றான்.