வலது நடுக்கால்

கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தீர்கள், நன்றி ஐயா. அது இல்லாவிட்டால் எதிரில் உட்கார்ந்திருப்பவர் முகம்கூட எனக்குத் தெரியாது. மூக்குக்கு முன்னால் பிடித்தால் வண்டின் காலில் உள்ள முடி மட்டும் தெரியும். என் பிழைப்பே அதுதான்.

பூச்சி அருங்காட்சியகத்தில் வண்டுப் பிரிவு என்னுடையது. இது இந்தக் குடும்பம், அது அந்தக் குடும்பம் என்று வண்டுகளைப் பிரித்து வைப்பது வேலை. மரப்பட்டைக்கு அடியில் வாழும் அரிசி அளவு வண்டு ஒன்றை நான்தான் முதலில் கண்டெடுத்தேன். அதன் கால் கணுக்கள் வேறு எந்த வண்டோடும் ஒத்துப்போகவில்லை. அதற்குத் தனிக் குடும்பமே வேண்டும் என்று எழுதினேன். உலகம் ஒப்புக்கொள்வதற்குள் என் வயதில் பாதி போய்விட்டது. கல்யாணம் செய்துகொள்ளக்கூட நேரமிருக்கவில்லை.

மாடியில் டி.என்.ஏ. கூடம். அதன் தலைவர் என் தங்கையின் கணவர். வீட்டில் மாப்பிள்ளை என்று கூப்பிட்டு, அலுவலகத்திலும் அதுவே பழகிவிட்டது. நல்ல மனிதர், அதை எழுதிக்கொள்ளுங்கள். என் தங்கையை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. ஆனால் கால் கேட்பார். வண்டின் வலது நடுக்காலைப் பிய்த்து அரைத்தால், யார் யாருக்குச் சொந்தம் என்று இயந்திரம் சொல்லிவிடுமாம். இடது கால் பார்வைக்கு மிஞ்ச வேண்டும் என்பதால் எப்போதும் வலது காலைத்தான் எடுப்பார்கள். நான் கண்டெடுத்த அந்த முதல் வண்டின் காலையும் கேட்டார். மாட்டேன் என்றேன். இயக்குநர் கொடுக்கச் சொன்னார், கொடுத்தேன்.

முடிவு வந்த அன்று தேநீர் அறையில் எல்லோர் முன்னாலும் சொன்னார்.

"மச்சான், உங்க வண்டு தனிக் குடும்பமெல்லாம் இல்ல. கிடங்குல மேயுமே மாவு வண்டு, அதுக்குப் பங்காளி."

"கணுவை எண்ணிப் பாத்துட்டுப் பேசுங்க மாப்பிள்ளை."

"கணு பொய் சொல்லும் மச்சான். டி.என்.ஏ. சொல்லாது."

எல்லோரும் சிரித்தார்கள். அதன்பிறகு போகிறவன் வருகிறவன் எல்லாம் மாவு வண்டு சௌக்கியமா என்று கேட்டான். காட்சிப் பெட்டியில் இருந்த பெயர்ப்பலகையைக் கழற்றினார்கள். எங்கோ தப்பு நடந்திருக்கிறது, மறுபடி பாருங்கள் என்று கரடியாகக் கத்தினேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். எரிச்சலில் எனக்குத் தூக்கம் போயிற்று ஐயா. சரியாகச் சொன்ன ஒருவனை எல்லோரும் சேர்ந்து தப்பு என்றால் அவன் எங்கே போய் முட்டிக்கொள்வான்?

கீழ்த்தளத்தில் என் அறையை ஒட்டிக் குளிர் அறை இருக்கிறது. டி.என்.ஏ. கெடாமலிருக்க, பிடித்து வந்த பூச்சிகளை அங்கே உறைய வைப்போம். உள்பக்கக் கைப்பிடி உடைந்து வெகுநாளாயிற்று. ஆள் வருகிறான், வருகிறான் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆகவே உள்ளே போகிறவர் கதவிடுக்கில் ஒரு மரக்கட்டையைச் செருகிவிட்டுப் போவார். எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் அது தெரியும்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். மாப்பிள்ளை என் அறைக்கு வந்து, கைபேசியை என் மேசையில் வைத்துவிட்டுக் கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டார்.

"மச்சான், உங்க வண்டு மேல ஒரு சந்தேகம். இன்னொண்ணு எடுத்துட்டு வரேன். கட்டை வச்சுட்டுத்தான் போவேன், கொஞ்சம் பாத்துக்கோங்க."

இன்னொன்றாம். முதல் வண்டை நொண்டியாக்கியது போதவில்லை. விஷயத்தை அரைகுறையாகச் சொல்வது அவர் பழக்கம், நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

கொஞ்சம் பொறுத்துப் போய்ப் பார்த்தேன். கதவு திறந்திருந்தால் குளிர் வெளியே போகும், உள்ளே இருப்பதெல்லாம் கெடும். மூடி வைக்கவும் என்று கதவிலேயே எழுதியிருக்கிறது. கட்டையைக் காலால் நகர்த்தினேன். கதவு தானாக மூடிக்கொண்டது. நான் தள்ளவில்லை.

தட்டினார். என் மேசையில் ஒரு வண்டு ஊசியில் குத்தியபடி இருந்தது. காய்வதற்குள் அதன் கால்களைப் பரப்பி வைக்க வேண்டும். பரப்பி வைத்தேன். அப்போது அவர் கைபேசி அடித்தது. தங்கை.

"அண்ணா, நீயா? அவர் எங்க? சாப்பாடு ஆறிப் போகுது."

"உள்ள வேலையா இருக்கார்மா. நீ சாப்பிடு."

"எப்பவும் இதே கதைதான். நீயாவது சீக்கிரம் அனுப்பி வை."

"சரிம்மா."

அவர் உள்ளேதான் இருந்தார். அதுவரை அவளிடம் நான் பொய் சொன்னதில்லை. கைபேசியை மாடியில் அவர் மேசைமேல் வைத்தேன், கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தேன். வாசலில் காவலாளி எல்லோரும் போயாச்சா என்று கேட்டான். ஆச்சு என்றேன். சாயங்காலம் தங்கை அழுதுகொண்டு கூப்பிட்டபோது, அவர் அப்போதே கிளம்பிவிட்டாரே என்றும் சொன்னேன். திங்கட்கிழமை வேறு யாரோ குளிர் அறையைத் திறந்தார்கள்.

நேற்று நீங்கள் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். அவர் கைக்குள் ஒரு சின்னக் குப்பி இருந்ததாம், அதில் என் வண்டு. அவர் உதவியாளர் பெண் அதை எடுத்துச் சோதித்துப் பார்த்தாளாம். தனிக் குடும்பம்தானாம்.

முதல் வண்டில் வலது நடுக்கால் இருந்த இடத்தில் பசை தெரிந்தது என்று அவளிடம் சொல்லியிருக்கிறார். பசை என்னுடையதுதான். வெகுகாலத்துக்கு முன் புத்தகத்துக்குப் படம் எடுக்கும்போது அந்தக் கால் ஒடிந்து தொலைந்துவிட்டது. அச்சில் நொண்டியாக வரக்கூடாதே என்று பக்கத்துத் தட்டிலிருந்த மாவு வண்டின் காலை ஒட்டவைத்தேன். மறந்தே போனேன். நம்பாவிட்டால் பரவாயில்லை. பாவம், இயந்திரம் மாவு வண்டை மாவு வண்டு என்றுதான் சொல்லியிருக்கிறது. மச்சானுக்குத் தலைகுனிவு வரக்கூடாது, சத்தமில்லாமல் சரிசெய்துவிடுவோம் என்றாராம். இதை என்னிடமே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

கட்டையை எடுத்தவன் நான். உள்ளே அவர் இருப்பது தெரிந்துதான் எடுத்தேன். தட்டியது கேட்டது. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் கேட்டது. வெளியிலிருந்து கதவை இழுத்தால் போதும், நான் இழுக்கவில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும், காட்டுங்கள்.

ஒரே ஒரு உதவி ஐயா. அந்தச் சோதனை முடிவைத் தங்கையிடம் யாராவது சொல்லிவிடுங்கள். இன்னும் என்னைப் பார்க்க வரவில்லை, இதைக் கேட்டால் வந்துவிடுவாள். சின்ன வயதில் நான் ஜெயித்தால் அவள்தான் முதலில் கைதட்டுவாள்.