ஆயிரம் பாம்புகளை எண்ணப் போனவன்

என் பெயர் பதிவேட்டில் ஒன்று உண்டு. உலகம் முழுவதும் அழைப்பது பீரங்கி. வயது ஐம்பத்தேழு, பேசிய பேச்சைச் சேர்த்தால் முந்நூறு. துணை மின் நிலையத்தில் ஆபரேட்டர். அதன் பின்புறக் குடியிருப்பில் கடைசி வீடு. அனுமதியின்றி லைனை அணைத்து ஊரை இருட்டாக்கியதாக இன்ஜினியர் கொடுத்த புகாரின்பேரில் விசாரிக்க, நான் கூறுவதாவது:

எங்களுக்கு எதிரே சிமென்ட் ஆலை. மழையில்லாத காலமாதலால் கம்பியைத் தாங்கும் பீங்கான் இன்சுலேட்டர்கள் மாவில் புரட்டியது போல் புழுதி அப்பிக் கிடந்தன. காய்ந்த புழுதி ஒன்றும் செய்யாது. பெருமழை கழுவிவிடும். தூறல்தான் ஆபத்து, புழுதி ஈரமானால் மின்சாரம் பீங்கான் மேலேயே ஊர்ந்து இறங்கும். இன்று மாலை தூறல் தொடங்கியது. அதன்பின் கம்பங்கள் நிற்கும் யார்டில் சீறல் கேட்டது. அதன்பின் மூன்றாம் கம்பத்து இன்சுலேட்டரில் ஊதாவாக ஏதோ நெளிந்தது. உடனே இன்ஜினியருக்குப் போன் செய்து, “சார், ஆயிரம் பாம்பு சீறுது! வானமே பொளக்கப் போகுது! லைனை நிறுத்தணும்” என்றேன்.

“போன வாரம் டிரான்ஸ்பார்மர் மேல யானை உட்கார்ந்திருக்குன்னு சொன்னவர்தானே நீங்க?” என்று அவர் வைத்துவிட்டார். அது பூனைதான். பெரிய பூனை.

அதன்பின் நானே லைனை அணைத்தேன். சீறல் நின்றது. இன்ஜினியர் வந்து பார்த்தபோது இன்சுலேட்டர் பரம சாதுவாக இருந்தது. அவர் போலீசுக்குச் சொல்லிவிட்டு, என் தங்கையின் ஒரே மகனான லைன்மேனைக் கூப்பிட்டு, “டேய் குருவி, நான் லைனைப் போடுறேன். நீ அந்தக் கம்பத்துக்குக் கீழ நின்னு, உங்க மாமாவோட ஆயிரம் பாம்பையும் எண்ணிட்டு வந்து சொல்லு” என்றார்.

“போகாதடா” என்றேன். அவன் சிரித்து, “விடுங்க மாமா, ஐந்நூறு தேறினாலே உங்க பக்கம் சாட்சி சொல்றேன்” என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு போனான். அதன்பின் காவலர் என்னை ஜீப்பில் ஏற்றிக் காவல் நிலையத்துக்குக் கொண்டுவந்தார்.

இப்போது இந்த மேஜை விளக்கு ஒருமுறை மங்கி மீண்டது. எழுதுவதை நிறுத்தி யார்டுக்குப் போன் செய்யும்படி கேட்டேன். வரிசையாகச் சொல்லும்படி காவலர் கூறினார். வரிசையாகச் சொல்கிறேன். பாம்பு ஆயிரம் இல்லை. சீறியது ஒரே ஒரு இன்சுலேட்டர். அதற்கு நேர் கீழே பையன் நிற்கிறான். இதில் ஒரு சொல்லும் நான் கூட்டவில்லை.

இவ்விடத்தில் ஜன்னல் முழுக்க நீல வெளிச்சம் அடித்தது. அதன்பின் விளக்கு அணைந்தது. அதன்பின் சத்தம் வந்தது.

டார்ச் வெளிச்சத்தில் படித்துக் காட்டக் கேட்டேன். சொன்னது சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. காவலர் யார்டுக்குப் போன் போட்டிருக்கிறார். மணி அடிக்கிறது. நான் கையெழுத்திடும் இந்த நேரம்வரை யாரும் எடுக்கவில்லை.

(ஒப்பம்)
பீரங்கி