அப்பாவுக்கு வைத்த இன்டர்வியூ

ராஜபாளையத்தில் பஸ் ஏறியதும் முன்சீட்டுக்காரர் பக்கத்திலிருந்த நண்பரிடம் பெருமையாகச் சொன்னார்: "எங்கப்பாவுக்கு இன்டர்வியூ வச்சேன். தேறல." கழுத்தில் ஏதோ பிசினஸ் ஸ்கூல் அட்டை தொங்கியது.

"பால்கோவா கடைய ஒனக்கு எழுதிக்குடுத்த மனுசனுக்கா?"

"குடும்ப யாவாரம்னாலும் தகுதி பாத்துதான் ஆள் வைக்கணும்னு எம்.பி.ஏ. கிளாஸ்ல சொன்னாவ. அஞ்சு வருசம் கழிச்சு எங்க இருப்பீங்கன்னு கேட்டேன். கல்லாவுலதான்னாவ. தொலைநோக்கு இல்லன்னு கழிச்சுட்டேன்."

"இப்ப எங்க இருக்காவ?"

அவர் ஜன்னலுக்கு வெளியே ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தைத் தேடினார்.

"எதுத்தாப்புல கடை போட்டு, கல்லாவுல."

"கூட்டம்?"

"அங்கதான்."

அவர் அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டார்.

"ஏலே, அதைக் கழத்தாத," என்றார் நண்பர். "அங்க வேலைக்கு ஆள் எடுக்காவளாம். இன்டர்வியூக்கு மாட்டிட்டுப் போ."